மேசையில் விரித்து விளையாடுகிற சஞ்சிகைக்குள் என்ன போடலாம்?

கிளிநொச்சிப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நாங்கள் ஆறு பேர். ஞாயிறு பின்னேரங்களில் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி இருந்து பாத்திரமேற்று ஆடுகிற கதை விளையாட்டு) விளையாடுகிறோம். எங்களுக்கென்று ஒரு சஞ்சிகை போட ஆசை. உள்ளே என்ன போடுவது என்று இருந்து யோசித்தால் ஒரு தலையங்கமும் ஒரு கவிதையும் தவிர வேறொன்றும் வருகுதில்லை. என்ன போடலாம், அண்ணா?"

தம்பி, முதலில் தலையங்கத்தை விட்டுவிடுங்கள். கவிதையை வேறெங்காவது அனுப்புங்கள். நான் புதுக்குடியிருப்பில் இருந்து கூட்டாளிகளோடு சேர்ந்து இதுவரை ஐந்து இதழ் போட்டிருக்கிறேன். அதில் இரண்டுதான் உருப்படி. அந்த இரண்டும் எங்கள் வீடுகளில் கிழிந்து, தேத்தண்ணி ஊற்றுண்டு, ஓரமெல்லாம் பென்சில் கணக்கோடு கிடக்கின்றன. மற்ற மூன்றும் அலுமாரிக்குள் புதுக்கருக்குக் குலையாமல் இருக்கின்றன. வாசித்தவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கு" என்று சொன்னது அந்த மூன்றைத்தான்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: வருகிற ஞாயிறு விளையாடிக்கொண்டிருக்கும்போது யாராவது இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்களா? இல்லையென்றால் அது எவ்வளவு அழகான எழுத்தானாலும் இந்தச் சஞ்சிகைக்கு உரியதல்ல.

இந்த விளையாட்டைத் தெரியாமல் இதை வாசிக்கிறவர்களுக்கு: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று "நான் இப்ப இதைச் செய்யிறன்" என்று சொல்லுவார்கள், சரிவருமோ வராதோ என்று சந்தேகம் வருகிற இடத்தில் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் கடைக்கு வந்த முதல் ஆர்பிஜி. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னக் கைநூல்கள், விதிகளில் ஆயிரம் ஓட்டை. அந்த ஓட்டைகளை அடைத்தவர்கள் விளையாடியவர்கள். அடுத்த வருடமே, 1975இல், லொஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்றொரு தொகுப்பைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பக்கங்களை எழுதி அனுப்புவார்கள், அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் திருப்பி எல்லோருக்கும் அனுப்புவார். போன இதழில் மற்றவர் எழுதினதற்கு இந்த இதழில் மறுமொழி, சண்டை, திருத்தம். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறு சஞ்சிகை நின்றுபோவது காசில்லாமல் மட்டுமல்ல. ஒருவர் ஆசிரியராகி, மற்ற ஐந்து பேரிடமும் "எழுதினீங்களோ, எழுதினீங்களோ" என்று திரிந்து களைத்துத்தான் அனேகமாக நின்றுபோகிறது. உங்களுக்கு ஆசிரியர் வேண்டாம். கூட்டாஞ்சோறுதான். ஆளுக்கு இரண்டு பக்கம், ஆறு பேருக்குப் பன்னிரண்டு. அட்டை நாலு பக்கம். மொத்தம் 16. நாலு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அடித்து நடுவால் மடித்தால் சரியாக 16 பக்கம் வரும். ஒருவர் தராவிட்டால் அவருடைய இரண்டு பக்கத்தையும் பெயர் போட்டு வெறுமையாக விட்டுவிடுங்கள். அடுத்தமுறை முதலாவதாக அவருடையதுதான் வந்து சேரும்.

இனி உள்ளே என்ன.

முக்கியமானது, உடனே எடுத்து விளையாடக்கூடிய ஒரு சாகசம். நான் முதல் இதழுக்குப் பதினொரு பக்கத்தில் ஒன்று எழுதினேன். தேத்தண்ணிக் கடையில் ஒரு கிழவர் செய்தி சொல்லுவார், ஆட்கள் காட்டுக்குப் போவார்கள், குகையைக் காண்பார்கள், குகைக்குள் இப்படி, அதற்குப் பிறகு அப்படி. விளையாடின அன்று ஐந்து பேரும் தேத்தண்ணிக் கடையிலேயே இருந்துவிட்டார்கள். கடைக்காரருக்கும் மருமகனுக்கும் என்ன பிரச்சினை என்று விசாரித்தே மூன்று மணித்தியாலம் போனது. பத்துப் பக்கம் வீண். நான் எழுதினது சாகசம் இல்லை, சிறுகதை. அதுவும் சுமாரான சிறுகதை.

அதன்பிறகு நிலைமையை மட்டும் எழுதப் பழகினோம். எங்களுடைய நாலாவது இதழில் வந்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம், மூன்று நாளாக விடாத மழை. ஊர்க்குளம் நிரம்பி வான் பாய்கிறது. குளக்கட்டில் ஓரிடத்தில் கசிவு, விரல் தடிப்பில் கலங்கல் தண்ணீர். கட்டுக்குக் கீழே குடலைப் பருவத்தில் நெல், அதற்கும் கீழே பதினைந்து வீடு. துருசின் (குளத்து மதகின்) திறப்பு வைத்திருக்கிறவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா போய்விட்டார். அலைகரைப் பக்கம் யானைகள் நிற்கின்றன, மண்மூட்டை நிரப்ப மண் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அவ்வளவுதான் கதை. மிச்சம் முழுக்க ஆட்கள்: கமக்காரர் அமைப்புத் தலைவருக்குத் தன் வயல் தாழக்கூடாது, மீன்பிடிக்கிறவருக்கு வலை போகக்கூடாது, கடைசி வீட்டு அம்மாவுக்கு மாடுகளை அவிழ்க்காமல் ஓர் அடி நகர ஏலாது. அதோடு ஒரு வரி: ஒருவரும் ஒன்றும் செய்யாவிட்டால் விடியப்புறம் நாலு மணிக்குக் கட்டு உடைக்கும்.

அந்த ஒரு வரிதான் உயிர். ஆட்டக்காரர் கடையில் இருந்து கதைத்தால் கதைக்கட்டும், தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் எட்டுக் கட்டம் கீறிவிட்டோம், அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம் பேனையால் நிரப்பவேண்டும். இரண்டு முறை வெவ்வேறு ஆட்களோடு விளையாடினோம். ஒரு கூட்டம் வானுக்குப் பக்கத்தில் குளக்கட்டைத் தாங்களே வெட்டித் தண்ணீரைக் காட்டுக்குள் விட்டது. மற்றது யாருக்கு அறிவிப்பது என்று அடிபட்டது. 80 ஹெக்டயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சும் சின்னக் குளம் கமநல சேவைக்காரருடையது, பெரியது நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது என்ற சங்கதி அந்த இரவில்தான் பாதிப் பேருக்குத் தெரியவந்தது.

அடுத்தது எழுமாற்று அட்டவணை: கட்டையை உருட்டி, விழுந்த இலக்கத்துக்கு நேரே எழுதியிருப்பதை நடத்துகிற பட்டியல். சிறு சஞ்சிகைக்கு இதைவிடப் பிரயோசனமான சாமான் இல்லை, ஒரு பக்கத்துக்குள் ஒரு காடே அடங்கும். ஆனால் "இரண்டு கரடி வருகின்றன" என்று எழுதாதீர்கள். வந்து என்ன செய்வது? அடிபடுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "பாலை மரத்தில் கரடி ஒன்று ஏறியிருந்து பழம் தின்கிறது. கீழே முறிந்த கொப்புகள். உங்களை இன்னும் காணவில்லை. உங்கள் சைக்கிள் மரத்தடியில் நிற்கிறது." அந்த விலங்கு இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது, உங்களுக்கும் அதற்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்ற இரண்டும் வந்தால் போதும். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய்வந்த யாரையாவது பிடித்து அரை மணித்தியாலம் கதை கேளுங்கள், பத்து வரி சும்மா வரும். தேன் எடுக்கிறவர், விறகுக்குப் போகிறவர், யானைவெடியோடு காவல்கொட்டிலில் படுக்கிறவர், எல்லோரும் உங்களுடைய எழுத்தாளர்கள்தான்.

தாயக்கட்டைப் பிரச்சினைக்கு ஒரு பக்கம் கட்டாயம் ஒதுக்குங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இருபது பக்கக் கட்டை கேட்கும். எங்கள் சந்தையில் போய்க் கேட்டேன், கடைக்காரர் லூடோக் கட்டையை எடுத்துத் தந்துவிட்டு, "இருபதோ? பந்துதானே தம்பி அது" என்றார். உங்கள் சஞ்சிகை எவருடைய கைக்குப் போகிறதோ அவரிடமும் அந்தக் கட்டை இராது. இருபது கடதாசித் துண்டில் இலக்கம் எழுதிப் பால்மா ரின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பிப் போட்டால்தான் கட்டை மாதிரி. திருப்பிப் போடாவிட்டால் கெட்ட இலக்கங்கள் தீரத் தீர ஆட்டக்காரருக்குத் துணிவு வரும், அதுவும் ஒரு தனிச் சுவை.

எனக்குப் பிடித்தது சோழி. ஆறு சோழியை உருட்டினால் 64 விதமாக விழலாம். அதில் மூன்று நிமிர்ந்து விழுவதற்கு 20 வழி. இரண்டு விழவும் நாலு விழவும் 15, 15. ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஆறாறு. ஒன்றுமே நிமிராமல் விழவும், ஆறும் நிமிரவும் ஒவ்வொரே வழிதான். ஆகவே அட்டவணையை இதற்கேற்ப அடுக்குங்கள்: மூன்றுக்கு நேரே அன்றாடம் நடக்கிறது, பூச்சியத்துக்கும் ஆறுக்கும் நேரே அம்மம்மா சொல்லுகிற கதையில் மட்டும் நடக்கிறது. இதெல்லாம் சோழி சமமாக விழுந்தால்தான். உண்மையான சோழிக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கும். நூறு முறை உருட்டி எண்ணி, வந்த கணக்கை அப்படியே அச்சடியுங்கள். ஓ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று உங்கள் கூட்டத்தில் இருந்தால் நிகழ்தகவுப் பாடத்துக்கும் உதவும். சோழி இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் சீமெந்தில் தேய்த்து வெள்ளை தெரியவைத்தால் சரி, தாயம் விளையாடுகிறவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பேய் பிசாசுப் பக்கம் எல்லோரும் கேட்பார்கள். போடுங்கள், கொள்ளிவாய்ப் பிசாசும் முனியும் இருக்க எங்களுக்கு மேல்நாட்டுக் கதைகளில் வருகிற எல்ஃப் எதற்கு? ஆனால் ஆட்கள் கும்பிடுகிற தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) எழுதவேண்டாம். நான் எழுதினேன். குளக்கரை ஐயனாருக்கு 120 புள்ளி என்று முதல் இதழில் அச்சடித்தோம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுக் கேட்டா: "ஐயனாருக்கு நூற்றிருபதோ? ஆர் எண்ணினது?" பதில் சொல்ல ஏலாமல் நின்றேன். பிறகு அவ சொன்னதை வைத்தே ஒரு விதி எழுதினோம். ஐயனார் எண்ணிக்கைக்குள் வரமாட்டார், நேர்த்தி வரும். இடுக்கண்ணில் மாட்டுப்பட்ட பாத்திரம் ஒரு நேர்த்தி வைக்கலாம், அந்த நேரத்துக்குத் தப்பிவிடும். சாகசம் முடிவதற்குள் நேர்த்தியைத் தீர்க்காவிட்டால் அடுத்த ஆட்டத்தில் கதைநடத்துநர் அந்தக் கடனை நினைத்த இடத்தில் கேட்கலாம். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிற்பாட்டித் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சானோடு ஏறுகிற சனத்துக்கு இந்த விதியை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நாங்கள் எழுதின விதிகளில் ஒருவரும் மறக்காதது இதுதான்.

இதே வகையில் இன்னொன்று. நெற்சூடு மிதிக்கிற களத்தில் முந்தி வழமையான சொற்களைப் பேசமாட்டார்கள். பூதம் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில் களத்துக்கென்று தனிச் சொற்கள் வைத்திருந்தார்கள், 'பொலி' அதில் ஒன்று. நாங்கள் இதைக் காட்டுக்கு மாற்றினோம். பாத்திரங்கள் காட்டுக்குள் நிற்கிறவரை மேசையில் ஒருவரும் 'யானை' என்று சொல்லக்கூடாது, 'பெரியவர்' என்றுதான் சொல்லவேண்டும். வாய் தவறினால் கதைநடத்துநருக்கு ஒரு புளியங்கொட்டை. மூன்று கொட்டை சேர்ந்தால் பெரியவர் வருவார். வீட்டில் மூத்தவர்களிடம் களத்துச் சொல், வேட்டைச் சொல், மீன்பிடிச் சொல் கேட்டு ஓர் அரைப் பக்கம் இதழுக்கு இதழ் சேருங்கள்.

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டு வருவார்கள், இது நிச்சயம். எங்களுக்கு மூன்று பேர் கொண்டுவந்தார்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர், அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் வொன் ட்றிபேர்க் கப்டனிடம் தோற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அவரைப் பாத்திரமாக்கி ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் வாள் வீசுவதைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அவரைத் தூரத்தில் வையுங்கள். கோட்டைக்குப் பக்கத்து ஊரில் அன்றிரவு உப்பு வண்டியோடு அகப்பட்டவர்கள், ஓலை கொண்டு ஓடுகிறவன், இரண்டு பக்கத்துக்கும் மாடு விற்றவன், இவர்களை விளையாடக் கொடுங்கள். கற்சிலைமடுவில் நட்ட நினைவுக்கல்லில் இருந்தது வென்றவர்களின் வசனம். தோற்ற பக்கத்தின் வசனத்தை ஆட்டக்காரர் ஆட்டத்தின் முடிவில் ஒரு வரியில் எழுதவேண்டும் என்று வைத்தோம், நல்ல வரிகள் வந்தன.

இனி எழுதுவதை யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் மூன்றாவது இதழில் ஒரு கற்பனை இராச்சியத்துச் சாகசம். அதில் நிலத்துக்குக் கீழே ஒரு களஞ்சியம். படியில் மண்மூட்டை, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டிருக்கிறது என்று நான் வர்ணித்தேன். எழுதும்போது எனக்கே தெரியவில்லை நான் எதை எழுதுகிறேன் என்று. மேசையில் இருந்த ஒருவர், என்னைவிட மூத்தவர், கையில் இருந்த தாளை வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "அந்த இடத்தைத் தாண்டிப் போவமா" என்று மட்டும் கேட்டார். தாண்டிப் போனோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாகசத்தின் தலைப்புக்குக் கீழும் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி வைக்கிறோம்: மூடிய நிலக்கீழ் இடம், பிள்ளை காணாமற்போதல், வெள்ளம், இப்படி. பின்னட்டையின் உட்பக்கத்தில் வெட்டி எடுக்க ஓர் அட்டை. அதை மேசை நடுவில் வைப்போம். யார் தொட்டாலும் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவோம், ஏன் என்று கேட்கமாட்டோம். வெளிநாட்டு ஆட்டக்காரரிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. போரைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை அனுபவித்தவர் தானாக எழுத வந்தால் முழு இதழையும் கொடுங்கள். ஆனால் விறுவிறுப்புக்காகக் கண்ணிவெடியைப் 'பொறி' என்று அட்டவணையில் போடாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்து நடந்து வளர்ந்த பிள்ளைகள் அந்த மேசையில் இருக்கிறார்கள்.

விளையாட்டு அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் எத்தனை பேரைக் கொன்றார் என்பது அங்கே இருந்தவர்களைத் தவிர ஒருவருக்கும் ருசிக்காது. எந்த இடத்தில் முடிவெடுக்கத் தடுமாறினீர்கள், எந்த விதி காலை வாரியது என்று எழுதினால் மற்றவருக்கு உதவும். விமர்சனம் என்றால் மூன்று முறையாவது விளையாடின விளையாட்டுக்கு மட்டும். கடிதப் பக்கம் கட்டாயம், முதல் இதழில் கடிதம் இராது என்றாலும் இடம் விடுங்கள்.

உரிமைப் பிரச்சினை பலர் நினைப்பதைவிட லேசு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு எண்ணத்தையோ முறையையோ காக்காது, அதை எழுதின வசனத்தையும் கீறின படத்தையும் காக்கும். ஆக, விதியை உங்கள் சொந்தத் தமிழில் எழுதலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. அதைத் தமிழாக்கியே அச்சடிக்கலாம், அவர்கள் கேட்கிற உரிமை வாசகத்தை உள்ளே போட்டால் சரி. இணையத்தில் எடுத்த படத்தை மட்டும் போடாதீர்கள். ஆறு பேரில் ஒருவருக்காவது கீறத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் கோணல் கோட்டுப் படம் களவெடுத்த படத்தைவிட நல்லது.

வரைபடத்தை நடுப்பக்கத்தில், 8க்கும் 9க்கும் குறுக்காகப் போடுங்கள், ஊசியைக் கழற்றித் தனியே எடுக்கலாம். கறுப்புப் பேனையால் கீறவேண்டும். பென்சில் நிழல் போட்டோக்கொப்பியில் சேறு மாதிரி வரும். தூரத்தைக் கூப்பிடு தூரம், கட்டை (மைல்) என்று குறியுங்கள், அடிக்கணக்கு ஒருவருக்கும் மனதில் நிற்காது.

எழுத்தைச் சின்னதாக்கிக் கூடப் போடலாம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் இரண்டாவது இதழில் எழுத்து மிகச் சின்னன், கொப்பி மெஷின் மெய்யெழுத்துப் புள்ளியை எல்லாம் தின்றுவிட்டது. 'கல் விழும்' என்பது 'கல விழும்' ஆனது, 'பல் போகும்' என்பது 'பல போகும்' ஆனது. ஓர் ஆட்டத்தில் எது போகும் என்று பத்து நிமிடம் வழக்காடினோம். கடைக்குக் கோப்பைக் கொண்டுபோகும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் உங்கள் யூனிகோட் எழுத்து அங்கே பெட்டி பெட்டியாகத் தெரியும், அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திருப்பி அடிக்கச் சொல்லுவார்கள். பக்கங்களை ஒட்டும்போது ஒரு கணக்கு: 16 பக்கத்துக்கு, ஒரே தாளின் ஒரே முகத்தில் வருகிற இரண்டு இலக்கத்தையும் கூட்டினால் எப்போதும் 17 வரவேண்டும். 16உம் 1உம், 2உம் 15உம், இப்படி. வராவிட்டால் அடிக்காதீர்கள்.

சின்ன ஸ்டாப்ளர் மடிப்புவரை எட்டாது. அதை விரித்து, தாளுக்குக் கீழே ஒரு பழைய றப்பர் செருப்பை வைத்துக் குத்தி, ஊசியை இழுத்தெடுத்துக் கையால் மடக்குங்கள். போட்டோக்கொப்பியை மட்டும் ஐப்பசிக்கு முன்னம் எடுத்துவிடுங்கள். மாரி தொடங்கினால் தாள் ஈரம் குடித்து மெஷினுக்குள் சிக்கும், கடைக்காரர் உங்களைத்தான் பேசுவார்.